லியுத்தாயோ: கிரெமோனாவில் ஐந்து நாள்

அக்டோபர் 29, 2024, செவ்வாய்

நேற்று இரவு மிலானில், தங்கை மகளின் அறையில் வயலின் பெட்டியைத் திறந்து வயலினைக் கையில் எடுத்தேன். உள்ளே ஏதோ உருண்டது. மெல்லச் சாய்த்தால் பென்சில் துண்டு போல ஒன்று வயிற்றுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. சவுண்ட் போஸ்ட் விழுந்துவிட்டது.

வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வயலினுக்குள் ஆறு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மரக்குச்சி நிற்கும். அதை ஒட்டுவதில்லை. தந்திகள், தங்களைத் தாங்கி நிற்கும் 'குதிரை' என்ற மரத்துண்டை அழுத்தும், குதிரை மேல்பலகையை அழுத்தும். அந்த அழுத்தத்தில்தான் குச்சி மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் நிற்கிறது. விமானப் பயணத்துக்குத் தந்திகளைத் தளர்த்திவிடு என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான்கையும் முழுக்கத் தளர்த்தியிருந்தேன். கொஞ்சமாகத் தளர்த்தியிருந்தால் போதும். முழுக்கத் தளர்த்தினால் குச்சி விழத்தான் செய்யும்.

இது தாத்தாவின் வயலின். ஞாயிற்றுக்கிழமை மிலான் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் தீபாவளி விழாவில் நான் வாசிப்பதாக ஏற்பாடு. தங்கை மகள்தான் யோசனை சொன்னாள். "பெரியம்மா, கிரெமோனா ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். வயலின் பிறந்த ஊருக்கே கொண்டு போய்விடுங்கள்." அவளுக்கு வகுப்பு இருந்தது. நான் தனியாகக் கிளம்பினேன்.

லோதி, கொதோன்யோ என்று நிலையங்கள் கடந்தன. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த மக்காச்சோள வயல், அதற்கு மேல் வெள்ளையாக மூடுபனி. போ ஆற்றுச் சமவெளி எங்கும் மேடு பள்ளம் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தை யாரோ குளிர்பதனப் பெட்டியில் வைத்தது போல இருந்தது.

கிரெமோனாவில் இறங்கி, நிலையத்துக்கு எதிரே இருந்த காபிக் கடையில் கேட்டேன். வயலின் ரிப்பேர் செய்பவருக்கு இத்தாலிய மொழியில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே வார்த்தை 'வியோலினிஸ்தா'. அதைச் சொல்லி, முகவரி வேண்டும் என்று கையால் காட்டினேன். கடைக்காரப் பெண் உற்சாகமாக ஒரு தெருப் பெயரை எழுதிக் கொடுத்தாள். கற்கள் பதித்த தெருவில் இருபது நிமிடம் நடந்து போய்ச் சேர்ந்தது ஒரு வயலின் வாத்தியார் வீட்டு வாசல். உள்ளே ஒரு பையன் ஸ்கேல் வாசித்துக்கொண்டிருந்தான். வியோலினிஸ்தா என்றால் வயலின் வாசிப்பவர்.

வாசலில் நாயோடு நின்றிருந்த ஒரு பெரியவர் என் பெட்டியைப் பார்த்தார். நான் பெட்டியை மெதுவாக ஆட்டினேன். உள்ளே குச்சி உருண்ட சத்தம் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த ஊர்க்காரர் இல்லையா! "லியுத்தாயோ!" என்றார். வயலின் செய்பவருக்கும் சரிசெய்பவருக்கும் அதுதான் வார்த்தை. நான் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்து, இன்னொரு முறை சொல்ல வைத்தார். லியு-த்தா-யோ. 'தா'வில் அழுத்தி இழுக்க வேண்டும். மூன்றாவது முறை சரியாக வந்ததும்தான் எந்தத் தெரு என்று சொன்னார்.

அதற்குள் மணி ஒன்று. பட்டறைகள் எல்லாம் மதியத்துக்கு மூடியாயிற்று. பெரிய பையோடும் வயலினோடும் அலைய முடியாமல், ஒரு நாளைக்கு 60 யூரோ என்று ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆங்கிலம் பத்து வார்த்தைதான். குளிரில் வந்தவளை உட்கார வைத்து, கேட்காமலேயே ஒரு கோப்பை சூடான பால் கொடுத்தார்.

அக்டோபர் 30, புதன்

பெரியவர் சொன்ன பட்டறை ஒரு முற்றத்துக்குள் இருந்தது. 'பொத்தேகா' என்கிறார்கள், பட்டறைக்கும் கடைக்கும் சேர்த்து ஒரே சொல். கதவைத் திறந்ததும் மரத்தூள் வாசனையும் வார்னிஷ் வாசனையும். ஜன்னலோரம் ஒரு கம்பியில், இன்னும் நிறம் பூசாத வெள்ளை வயலின்கள் துணி உலர்த்தியது போலத் தொங்கின.

உள்ளே இருந்தவர் ஒரு ஜப்பானியப் பெண்மணி. இருபத்தைந்து வருடத்துக்கு முன் இங்குள்ள வயலின் செய்யும் பள்ளியில் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டாராம். 1938-இல் தொடங்கிய பள்ளி அது. நேற்று கற்ற வார்த்தையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நான் லியுத்தாயா" என்றார். ஆணுக்கு யோ, பெண்ணுக்கு யா.

பெட்டியைத் திறந்தேன். வயலினைக் காதருகே வைத்து ஒரு சாய்ப்பு சாய்த்தார். "அனிமா விழுந்துவிட்டது."

அனிமா என்றால் உயிர். சவுண்ட் போஸ்டுக்கு இத்தாலியர்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான். உயிர் விழுந்துவிட்டது என்று அவர் அமைதியாகச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இத்தனை வருடம் வாசித்திருக்கிறேன், அந்தக் குச்சிக்கு ஒரு நல்ல சொல் என்னிடம் இருந்ததில்லை.

அப்புறம் அவர் வயலினைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். டாக்டர் பார்ப்பது போலத்தான். இரண்டு இடத்தில் நின்றார். ஒன்று, கீழ்ப்பக்கம் மேல்பலகைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு விரல் நீளத்துக்குப் பசை விட்டிருந்தது. மிலான் அறையின் வறண்ட ஹீட்டர் காற்று காரணமாக இருக்கலாம். இன்னொன்று, தலையில் உள்ள சுருளின் ஒரு பக்கம் வார்னிஷ் முழுக்கத் தேய்ந்து மரம் தெரிந்தது. "இந்த இடத்தில் தேய்மானம் நான் பார்த்ததே இல்லை. இதை எதன்மேல் வைக்கிறீர்கள்?"

சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது சுலபம். பட்டறையின் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வலது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, சுருளைக் கணுக்கால் பக்கம் ஊன்றி, வயலினின் மறு நுனியை மார்பில் சாய்த்துக் காட்டினேன். மேற்கத்திய முறையில் வயலின் தாடைக்குக் கீழே நிற்கும், சுருள் எதையும் தொடாது. நம் வயலினுக்குக் கால்தான் தாங்கல். தாத்தாவின் காலும் என் அப்பாவின் காலும் என் காலும் தேய்த்த இடம் அது. அவர் எதிரே குனிந்து உட்கார்ந்து, என் கணுக்காலையும் சுருளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு காகிதத்தில் படமும் வரைந்துகொண்டார்.

பிறகு சுருதி கேட்டார். நாங்கள் ஸ ப ஸ ப என்று சேர்ப்போம், நான் வாசிப்பது இரண்டரைக் கட்டை என்று தந்தி தந்தியாகச் சொன்னேன். நான்கு தந்தியுமே அவர்களுடையதைவிடத் தாழ்ந்த சுருதி. இழுவிசை குறைவு. அதற்குத் தகுந்த மாதிரிதான் புதுக் குச்சியின் நீளத்தைச் செதுக்க வேண்டும் என்றார். பழைய குச்சி குட்டை, வைத்தாலும் நிற்காதாம். பசை காய ஒரு நாள். வெள்ளிக்கிழமை ஊரே விடுமுறை. "சனிக்கிழமை காலை வாருங்கள். 45 யூரோ."

இப்படித்தான் ஒரு நாள் வேலை என்று வந்தவள் நான்கு இரவு தங்க நேர்ந்தது.

கிளம்பும் முன் கேட்டேன். வயலினுக்கு இவர்கள் சொல்வது வியோலினோ. அதைச் செய்பவருக்கு ஏன் லியுத்தாயோ? 'லியுத்தோ' என்பது லூட் என்ற பழைய தந்தி வாத்தியம், அரபியரின் 'ஊத்' என்ற வாத்தியத்திலிருந்து வந்தது. அரபியில் அல்-ஊத் என்றால் மரம். லூட் செய்தவர்கள் லியுத்தாயோ. பிறகு வயலின் வந்தது, லூட் கிட்டத்தட்டப் போயே போய்விட்டது, ஆனால் செய்கிறவரின் பெயரை யாரும் மாற்றவில்லை. வாத்தியம் மாறியும் தொழிலின் பெயர் நானூறு ஐந்நூறு வருடமாக நிற்கிறது.

இரவு சாப்பாடு பூசணி தொர்த்தெல்லி. பூசணிக்காய் மசித்து உள்ளே வைத்த சோமாசி மாதிரியான பாஸ்தா, மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். பூரணம் இனிப்பு, மேலே உப்பு. முதல் வாயில் குழம்பினேன், நான்காவது வாயில் பிடித்துப்போனது. 13 யூரோ, உட்கார்ந்ததற்குத் தனியாக 2 யூரோ. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் 'மொஸ்தார்தா' வைத்தார்கள். பார்க்கப் பழ ஜாம், வாயில் போட்டால் கடுகுக் காரம் மூக்கில் ஏறுகிறது. சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துக்குக் கடுகு எண்ணெயின் காரம். ஆவக்காய் ஊறுகாய் பழகிய நாக்குக்கு இந்த ஊரிலேயே மிக நெருக்கமான ருசி இதுதான். மூன்று முறை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

நள்ளிரவு பன்னிரண்டுக்குப் போன். கும்பகோணத்தில் விடிகாலை நாலரை. "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று அம்மா கேட்க, பின்னால் சரவெடி. இங்கே ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் ஒரு தெருவிளக்கு மட்டும். எழுந்து, எண்ணெய் இல்லாமலேயே வெந்நீரில் குளித்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பூ வாங்கலாம் என்று போனால் தெருவெல்லாம் சாமந்தி. மஞ்சள், வெள்ளை, அரக்கு என்று தொட்டி தொட்டியாக. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தீபாவளியும் அதுவுமாக ஊரே சாமந்தி விற்கிறது! 6 யூரோவுக்கு ஒரு மஞ்சள் தொட்டி வாங்கி வந்து வீட்டுக்கார அம்மாவிடம் நீட்டினேன். "இன்று எங்கள் பண்டிகை."

அவர் முகம் ஒரு கணம் சுண்டியது. உடனே சமாளித்துக்கொண்டு வாங்கி மேசையில் வைத்தார். போனில் மொழிபெயர்ப்பை எடுத்துத் தட்டித் தட்டி விளக்கினார். இங்கே சாமந்தி கல்லறைக்கான பூ. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள், 2 இறந்தோர் நாள். அதற்குத்தான் கடைகளில் இவ்வளவு. வீட்டுக்கு யாரும் தர மாட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வேறொன்று தட்டினார். "என் கணவருக்கு நாளை வாங்க வேண்டியிருந்தது. நீ வாங்கிவிட்டாய்."

மதியம் வயலின் அருங்காட்சியகம். 2013-இல் திறந்தது. அந்த்ரேயா அமாதி 16ஆம் நூற்றாண்டில் செய்த வயலினிலிருந்து தொடங்குகிறது வரிசை. நான் அதிகம் நின்றது, இந்த ஊரின் மிகப் புகழ்பெற்ற லியுத்தாயோவான ஸ்த்ராதிவாரியின் பட்டறைச் சாமான்கள் முன்னால். மர அச்சுகள், காகிதத்தில் வெட்டிய வடிவங்கள், அவற்றின்மேல் அவர் கையெழுத்து. ஜுசெப்பே ஃபியொரீனி என்ற இன்னொரு லியுத்தாயோ இவற்றைச் சேர்த்துப் பாதுகாத்து 1930-இல் நகரத்துக்குக் கொடுத்திருக்கிறார். அந்த அச்சைச் சுற்றித்தான் இன்றும் எழுபதுக்கும் மேற்பட்ட மரத்துண்டுகளைக் கையால் பொருத்துகிறார்கள். ஒருவர் வருடத்துக்கு மூன்றிலிருந்து ஆறு வாத்தியம் செய்தால் அதிகம். யுனெஸ்கோ 2012-இல் இந்தத் தொழிலை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

என்னைத் தொட்ட இன்னொரு செய்தி 1630-இல் வந்த பிளேக். ஊரில் ஏராளமான குடும்பங்களை அள்ளிக்கொண்டு போனது. அமாதி குடும்பத்தில் மிஞ்சிய நிக்கொலோ அமாதி, அதுவரை மகனுக்கு மட்டும் சொல்லித்தந்த வேலையை வெளியார் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர ஆரம்பித்தார். வயலின் செய்வதில் பேர்பெற்ற குவர்னேரி வம்சத்தின் முதல் ஆள் அப்படி அந்த வீட்டுக்கு வந்து கற்றவர்தான்.

1715-இல் செய்த ஸ்த்ராதிவாரி ஒன்று கண்ணாடிக்குள் தனியாக இருக்கிறது, 'இல் கிரெமோனேஸே' என்று பெயர். 2019 ஜனவரியில் இங்குள்ள வாத்தியங்களின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பதிவுசெய்தபோது, வெளியே தெருவில் வண்டிகளை நிறுத்தி, ஊர் மக்களைச் சத்தம் போடாமல் இருக்கும்படி மேயரே கேட்டுக்கொண்டாராம். கற்கள் பதித்த தெருவில் குதிகால் செருப்புச் சத்தம் கூட மைக்கில் விழுமே. வாரக்கணக்கில் ஒரு ஊர் வாத்தியத்துக்காக அடங்கி நடந்திருக்கிறது.

தீபாவளி இனிப்பாக 'தொர்ரோனே' வாங்கினேன். தேன், சர்க்கரை, பாதாம், முட்டை வெள்ளைக்கரு. கடிக்கப் பல் பலமாக இருக்க வேண்டும். வீட்டுக்கார அம்மாவுக்குப் பாதி, எனக்குப் பாதி.

நவம்பர் 1, வெள்ளி

ஊர் முழுக்கக் கதவடைப்பு. காலைச் சாப்பாட்டுக்கு ஒரு பார் திறந்திருந்தது, நின்றபடி ஒரு காபி 1.30 யூரோ. மதியத்துக்கு நான்கு தெரு சுற்றி ஒன்றும் கிடைக்காமல் மிச்சத் தொர்ரோனேயைத் தின்றேன்.

கதீட்ரல் சதுக்கத்தில் கொஞ்சநேரம். தொர்ராட்ஸோ மணிக்கூண்டு 112 மீட்டர், பாதிக்கு மேல் மூடுபனிக்குள் மறைந்துவிட்டது. அதிலுள்ள பெரிய வானியல் கடிகாரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ரோமா சதுக்கப் பூங்காவில் ஸ்த்ராதிவாரியின் நினைவுக் கல். அவரைப் புதைத்த சான் தொமேனிக்கோ தேவாலயத்தை 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டுத்தான் பூங்கா போட்டிருக்கிறார்கள். அவருடைய கல்லுக்கும் யாரோ சாமந்தி வைத்திருந்தார்கள்.

மாலை வீட்டுக்கார அம்மா கல்லறைக்குப் போய்த் திரும்பியதும் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். நான் பட்டினி என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. சீஸ் போட்ட பொலெந்தா, மக்காச்சோளக் களி. சாப்பிட்டபடியே எனக்குப் பாடம். லியுத்தாயோ மட்டும் இல்லை, 'ஆயோ' என்று முடிந்தால் அநேகமாக ஒரு தொழில். ரொட்டி சுடுபவர் ஃபொர்னாயோ, அடுப்புக்கு ஃபொர்னோ. கடிகாரம் பார்ப்பவர் ஒரொலொஜாயோ. ஜெலாத்தோ விற்பவர் ஜெலத்தாயோ. "நீ நேற்று பூ வாங்கியது ஃபியொராயா." பூக்காரம்மா! நம் காரர், காரம்மா மாதிரியேதான். பால்காரர், தயிர்க்காரம்மா, பூக்காரம்மா என்று நான் எதிர்ப்பாட்டுப் பாடினேன். அவர் 'பூக்கரம்மா' என்று சொல்லிப் பார்த்தார்.

அப்புறம் அவர் கேட்டார், லியுத்தாயோவுக்கு உங்கள் மொழியில் என்ன? வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். வாசிப்பவருக்கு வித்வான், விதூஷி என்று அடைமொழிகள் இருக்கின்றன. இருபது வருடமாக என் வயலினைப் பார்க்கும் சென்னைக்காரரின் எண்ணை என் போனில் 'வயலின் ரிப்பேர்' என்று வைத்திருக்கிறேன். அதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் 2, சனி

பட்டறையில் வயலின் தயாராக இருந்தது. விட்ட பசை கோடு கூடத் தெரியவில்லை. தந்திகளை ஏற்றி, ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்த்து, தரையில் உட்கார்ந்து ஒரு கீழ் ஸ்தாயி ஸட்ஜம் நீளமாக இழுத்தேன். அதில் இவ்வளவு அடிக்குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். வில்லை எடுத்ததும், "இரண்டு விஷயம் காட்ட வேண்டும்" என்றார்.

முதலாவது எனக்கும் தெரியும். உள்ளே லேபிளில் 'அந்தோனியுஸ் ஸ்த்ராதிவாரியுஸ் கிரெமொனென்ஸிஸ் ஃபாசியேபாத் அன்னோ' என்று லத்தீனில் அச்சடித்திருக்கிறது. சின்ன வயதில் நாங்கள் அதை நம்பினோம். ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் பட்டறை பட்டறையாகச் செய்து இந்த லேபிளை ஒட்டி உலகமெங்கும் அனுப்பிய ஆயிரமாயிரம் வயலின்களில் இது ஒன்று என்று அவர் பக்குவமாகச் சொன்னார். அந்த ஃபாசியேபாத்துக்கு 'செய்தார்' என்று பொருள் இல்லையாம். 'செய்துகொண்டிருந்தார்' என்பதுதான் சரி.

இரண்டாவதைக் காட்ட, நுனியில் விளக்கு வைத்த மெல்லிய கேமரா ஒன்றை மேல்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளைக்குள் விட்டார். மேல்பலகையின் உட்புறம் திரையில் தெரிந்தது. பழுப்பு மரம், பசைத் தடம், பக்கத்தில் பென்சில் எழுத்து. "இது என்ன எழுத்து என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுடையதா?"

தமிழ். முதல் வார்த்தை ஈரத்தில் கலைந்துவிட்டது, ஒரு கொம்பும் ஒரு புள்ளியும்தான் மிச்சம். அடுத்தது தெளிவாக இருந்தது. 'ஆசாரி. 1961.'

மேல்பலகையைத் திறந்து வேலை பார்த்தவர் மூடுவதற்குமுன் உள்ளே பெயரும் வருடமும் எழுதுவது உலகெங்கும் வழக்கம் என்றார் அவர். இனி திறக்கப்போகும் அடுத்த கைக்கு மட்டும் தெரியும். "நல்ல வேலை. விரிசலை உள்ளே கட்டிய விதத்தைப் பாருங்கள், அறுபது வருடமாக நிற்கிறது. இவர் லியுத்தாயோவா?"

ஆமாம் என்றேன். நேற்று வாயில் வராத சொல், வயலினுக்குள் என்னோடு பயணம் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஆசாரியா? வருஷத்துக்கு ஒரு தடவை வருவாரே. திண்ணையிலே உட்கார்ந்து வீணை, வயலின் எல்லாம் பார்ப்பார். பாட்டி அவருக்குன்னு தனியா காபி கலப்பா. ஒருதரம் வயலின் கீழே விழுந்து பிளந்துபோச்சு, தாத்தா ரெண்டு நாள் சாப்பிடலை, அவர்தான் சரி பண்ணிக் கொடுத்தார்." பேர் என்னம்மா? அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. "ஆசாரின்னுதாண்டி கூப்பிடுவோம். பேர் கேட்டதில்லையே."

உங்கள் பெயரையும் உள்ளே எழுதுங்களேன் என்று நான் கேட்டதற்கு லியுத்தாயா மறுத்துவிட்டார். திறந்தால்தான் எழுதலாம், நான் திறக்கவில்லை. அதற்குப் பதில் தன் வேலைப் பதிவேட்டை எடுத்து, என் வயலினுக்கான வரியைக் காட்டி, இந்த வாத்தியத்தை முன்பு பார்த்த லியுத்தாயோவை இங்கே உங்கள் எழுத்தில் எழுதுங்கள் என்று பென்சிலைக் கொடுத்தார். 'ஆசாரி, கும்பகோணம், 1961' என்று எழுதினேன். முன்னால் ஒரு பெயருக்கு இடம் விட்டேன். பெரிய மாமாவுக்கு 84 வயது, அவருக்கு ஞாபகம் இருக்கலாம். இன்று ராத்திரி மிலான் போனதும் அவரைக் கூப்பிட வேண்டும்.